எண்ணெய் வேண்டாத கொண்டை

மலாயாக் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி, உப்பு போகக்கூடாதென்று அவசரகாலச் சட்டம். ரப்பர் மரம் சீவப்போகும் பெண்களைத் தோட்டத்து கேட்டில் சோதிப்பது அகதாவின் வேலை.

தினமும் அவள் அவிழ்த்துத் துழாவியே, மரம் சீவும் பஞ்சாலையின் கொண்டை துடைப்பமாகிவிட்டது. மனசு கேட்காமல் சிரம்பான் டவுனில் தேங்காயெண்ணெய் வாங்கி வந்தாள்.

"தேய்ச்சிக்க பஞ்சாலை. என் கைதான் உன் முடியக் கெடுத்திருச்சி."

"வேணாங்கா. எண்ணெய் எனக்கு ஒத்துக்காது."

அன்றும் கொண்டையை அவிழ்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் விரலிலிருந்த வெட்டுக்காயம் சுரீரென்று எரிந்தது. வாயில் வைத்தாள். கரித்தது.

விடியற்காலைக் குளிரில் வேர்வை ஏது? எண்ணெய் படாமல், உப்புத்தண்ணீரில் ஊறிக் காய்ந்த முடி. அப்படியானால் போன வருஷம் காணாமல்போன பஞ்சாலையின் புருஷன் காட்டில்தான் இருக்கிறான்.

"ஏதாச்சும் இருக்கா?" என்றான் கேட்டில் நின்ற போலீஸ்காரன்.

"ஒண்ணுமில்ல."

அகதாவே கொண்டையை இறுக்கி முடிந்துவிட்டாள்.

"மழை வர்றாப்புல இருக்கு. வழியில தலைய நனைச்சிராத, பஞ்சாலை."