இடமும் நேரமும் விழாத படம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், எதிர்வரும் முதலாம் திகதி தொடக்கம் ஒவ்வொரு உத்தியோகத்தரும் தாம் களத்தில் நிற்பதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். படத்தின் அடியில் இடமும் நேரமும் தானாகவே விழுந்திருக்க வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் அந்த நீர்ப்பாசன அலுவலகத்தில், எல்லாரும் எழுந்து நிற்க, தாள் பறக்காமல் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு இந்தச் சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் பொறுப்பதிகாரி சோமசேகரம். எழுதியவரும் அவரே. தலைமையகம் அதை மெச்சி, 'பதவி வேறுபாடின்றி அனைவருக்கும்' என்று ஒரு வரியைச் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருந்தது. அந்த வரியை மட்டும் அவர் கொஞ்சம் வேகமாக வாசித்தார்.

நின்றவர்கள் எல்லாருக்கும் வியர்த்தது. கிண்ணியாவிலிருந்து வரும் அஸாமுக்கு மட்டும் வியர்வைக்கு வேறு காரணம் இருந்தது. மூன்று வருடமாக அவன் தகுதிகாண் காலத்தில் இருக்கிறான். நிரந்தர நியமனக் கடிதத்தில் சோமசேகரத்தின் கையெழுத்து விழுந்தால்தான் வேலை. அவனுடைய புதுப் போனிலோ இடமும் நேரமும் விழாது.

அது திறந்த தளப் போன். எந்தக் கம்பனியும் ஒட்டுக்கேட்க முடியாது, விஷயம் தெரிந்த எவரும் உள்ளே புகுந்து திருத்தலாம் என்ற பெருமையில் வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்தான். சுதந்திரம் தாராளமாக இருந்தது. கமெராவில்தான் ஒன்றும் இல்லை. தூரத்தைக் கிட்டக் கொண்டுவராது, மங்கலில் எடுக்காது, முகத்தை வெள்ளையாக்காது. லிகிதர் குணேஸ்வரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில கமெரா இருக்கோ, இல்லாட்டி ஓட்டை மட்டுந்தானோ?" என்று கேட்டார்.

முதல் கிழமையே அவன் தன் களமான மூதூரிலிருந்து அனுப்பிய படங்கள் மொட்டையாக வந்து சேர்ந்தன. ஒரு வயல், ஒரு வாய்க்கால், ஓரத்தில் அவன். எந்த ஊர் வயல், எந்த வருடத்து வாய்க்கால் என்பது அந்த வாய்க்காலுக்கே வெளிச்சம். சோமசேகரம் அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

கொலை செய்த கத்தியைப் போல, போன் மேசை நடுவில் ஒரு வெள்ளைத்தாளின்மேல் கிடத்தப்பட்டது.

"நான் புதனுக்குப் புதன் மூதூருக்கு மேற்பார்வைக்குப் போறனான். உங்களை ஒருநாளும் அங்க கண்டதில்லையே, தம்பி."

தானும் அவரை அங்கே கண்டதில்லை என்பது அஸாமின் வாய் வரை வந்தது. தகுதிகாண் காலத்து வாய், மூடிக்கொண்டது.

இது உண்மையிலேயே இடம் காட்டாதா, கொழும்பிலிருந்து தோண்டிப் பார்த்தாலும் அகப்படாதா என்று அவர் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் ஏலாது என்றுதான் அவனால் சொல்ல முடிந்தது. போனின் பெயர், இலக்கம், எந்த நாட்டில் யாரிடம் வாங்கியது என்று எல்லாவற்றையும் தன் கைப்படக் குறித்துக்கொண்டார். குற்றப்பத்திரிகையில் ஓட்டை இருக்கக் கூடாதல்லவா. கடைசியில் மூன்று கிழமை அவகாசம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அஸாம் மற்றவர்களைப் போல வேறு போன் வாங்கியிருக்கலாம். கொள்கைக்காரன், வாங்கவில்லை. மதியச் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, எங்கோ குளிர்நாட்டில் இருந்த முகம் தெரியாத ஒருவருடன் சேர்ந்து, இல்லாத வசதியைத் தானே எழுதினான். மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை காலை அறைக் கதவைத் தட்டினான்.

மேசையில் அவனுடைய நியமனக் கடிதம் இருந்தது. சோமசேகரம் பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார். முகத்தில் மூன்று வருடமாகக் காணாத சிரிப்பு. கமெரா சரிவராவிட்டால் பரவாயில்லை, திறந்த தளத்தை நாங்களும் ஆதரிக்கத்தானே வேண்டும் என்றுகூட ஆரம்பித்தார். அவன் அதை முடிக்க விடவில்லை. கதிரையில் இருந்த அவரை அப்படியே ஒரு படம் எடுத்து நீட்டினான். அடியில் பளிச்சென்று விழுந்திருந்தது: திருகோணமலை, வெள்ளி, காலை 10.42.

சோமசேகரம் தன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது உங்கட போனில மட்டுந்தானே?"

"இல்ல சேர். திறந்த தளமெல்லோ. இந்தப் போன் வெச்சிருக்கிற எல்லாருக்கும் இண்டைக்குத் தானாப் போய்ச் சேரும். உங்கட சுற்றறிக்கையைப் பார்த்துத்தான் எழுதின. ஆரும் நிப்பாட்டவும் ஏலாது."

சோமசேகரம் எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். திரும்பி வந்து, திறந்த பேனாவை மூடினார். பிறகு லாச்சியை இழுத்து, மேல் தாள்கூட உரிக்காத ஒரு போனை எடுத்து, அஸாமின் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"நேற்றுத்தான் வந்து சேர்ந்தது, தம்பி."