ஏழாவது படியில் நேர்காணல்

“அசையாதே! இப்பத்தான் ரெண்டு கோடு வந்திருக்கு. மூச்சைக்கூட மெதுவா விடு.”

மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டில் நின்று, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கணவன் கட்டளையிட்டான். ஏழாவது படியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டில் உடுத்தும் பழைய பாவாடை. கேமராவில் இடுப்புக்குக் கீழே தெரியாது என்ற தைரியத்தில் ஹாலில் தயாராக இருந்தவளைக் கடைசி நிமிடத்தில் இங்கே இழுத்து வந்துவிட்டான். அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது ஏழாவது படியில் மட்டும்தான்.

புது நெட்வொர்க் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் நாள் காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்று மூன்றாவது ஆளாக சிம் வாங்கியவன் அவன். கூடவே ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த சூட்டோடு சூடாக மனைவியின் போனையும் புதுசுக்கு மாற்றினான், இருந்த வைஃபையையும் துண்டித்துவிட்டான். முழுப் படம் இரண்டே வினாடியில் இறங்குமாம். ஞாயிற்றுக்கிழமை இறங்க ஆரம்பித்த படம் இன்னும் நாலு சதவீதத்தில் நின்று இளைப்பாறிக்கொண்டிருக்கிறது.

“பதினொண்ணாகப் போகுது. நடுவுல கட்டாச்சுன்னா என்னங்க பண்றது?”

“ஆரம்பத்துல அப்படி இப்படித்தான் இருக்கும். டவர் பழகணும்ல?”

“பழகறதுக்கு அது என்ன புதுச் செருப்பா?”

மகன் பிறந்தபோது அவள் விட்ட வேலை. எட்டு வருடம் கழித்துப் பதினேழு இடங்களுக்கு விண்ணப்பித்ததில், கூப்பிட்டது இந்த ஓர் இடம்தான். ‘பெரிய கம்பெனி, புகார்ப் பிரிவு. பேரைத் தேர்வானாத்தான் சொல்லுவாங்க’ என்றிருந்தார்கள் வேலை தேடித் தரும் ஏஜென்சிக்காரர்கள். பெயரே இல்லாத கம்பெனியாக இருந்தாலும் அவளுக்கு அந்த வேலை வேண்டும்.

போன் ஒலித்தது. கண்ணாடி போட்ட பெண் அதிகாரி ஒருவர் திரையில் வந்தார்.

“வணக்கம்மா. உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

“வணக்கம் மேடம். நான் ஆறு வருஷம் ஒரு வங்கியில...”

திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. கணவன் ஒரு படி ஏறினான், இரண்டு படி இறங்கினான், சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். வட்டம் நின்றது.

“கோபமா பேசற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீங்க?”

“முதல்ல அவங்க சொல்றதை முழுசா...”

மறுபடியும் வட்டம்.

அந்த நேரம் பார்த்து, ஈரத்துணி வாளியோடு கீழ்வீட்டு அக்கா படியேறி வந்தாள். “என்னம்மா படிக்கட்டுல உக்காந்துட்டே? எங்க வீட்டு வைஃபைல வந்து பேசேன்.”

மனைவி எழுந்துவிட்டாள். கணவன் குறுக்கே கையை நீட்டினான். “வேணாம்க்கா, உங்களோடது பழசு. ஆமை மாதிரி ஊரும்.”

“ஊருதுல்ல?” என்றபடி அக்கா மேலே போனாள்.

மனைவி திரையைப் பார்த்தாள். அதிகாரி பாதி திறந்த வாயோடு அப்படியே உறைந்திருந்தார். இருந்த இரண்டு கோடுகளில் ஒன்றைக் காணவில்லை.

“போச்சு. கட்டாயிடுச்சு,” என்றாள். பிறகு பொங்கிவிட்டாள்.

“எட்டு வருஷம் கழிச்சு வந்த ஒரே இன்டர்வியூ! மின்னல் வேகம்னு தெருத்தெருவா போர்டு வெச்சிருக்காங்களே! மின்னல்தான், ஒரு செகண்டு தலையைக் காட்டிட்டு ஓடிடுது. நாடு பூரா கவரேஜாம். அப்ப நம்ம வீட்டு ஹால் எந்த நாட்டுல இருக்கு? புகார் சொல்லப் போன் பண்ணா முக்கால் மணி நேரம் பாட்டுப் போடறாங்க. அந்தப் பாட்டு மட்டும் ஒரு தடவைகூடக் கட்டாகல!”

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். “என்னாலதானே எல்லாம்? அந்த வைஃபையையாவது விட்டு வெச்சிருக்கணும்.”

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. “விடுங்க. நீங்க ஆசையா வாங்கினீங்க, அவங்க சொன்னதை நம்பினீங்க. நம்பினவங்க மேல என்ன தப்பு? முதல்ல உக்காருங்க, கை வலிக்கப் போகுது.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. பதினெட்டாவது இடத்துக்கு இனி எப்போது விண்ணப்பிப்பது?

“ரொம்ப நல்லா பேசினீங்கம்மா.”

இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. உறைந்த முகம் உறைந்தபடியே இருக்க, குரல் மட்டும் போனிலிருந்து வந்தது.

“படம்தான் நின்னுபோச்சு. நீங்க பேசினது முழுசா கேட்டுச்சு.”

“மேடம், மன்னிச்சுக்குங்க. ஏதோ கோபத்துல...”

“எதுக்கு மன்னிப்பு? எங்க வாடிக்கையாளருங்க நாள் பூரா பேசறதை ஒரு நிமிஷத்துல பேசிட்டீங்க. நொந்துபோன வாடிக்கையாளர் ஒருத்தரை என் காது கேக்கவே சமாதானமும் பண்ணிட்டீங்க. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எந்தக் கம்பெனிக்கு மேடம்?”

“இவ்வளவு நேரம் திட்டினீங்களே, அதே கம்பெனிதான்.”

கணவனுக்கு உயிர் வந்துவிட்டது. போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். “பாத்தியா, நான் சொன்னேன்ல? மேடம், உங்க குரல் மட்டும் எவ்வளவு தெளிவா வருது! நம்ம நெட்வொர்க்னா சும்மாவா?”

அதிகாரி லேசாகத் தொண்டையைச் செருமினார்.

“சார், ஆபீஸ்ல நாங்க எல்லாரும் இன்னும் பழைய நெட்வொர்க்லதான் இருக்கோம். ஏம்மா, உங்க வேலை இப்பவே ஆரம்பிச்சாச்சு. இதை அவர் வெளியில சொல்லாம பாத்துக்குங்க.”