சிவப்புக் கயிறு

வலிப்பு மாத்திரை கொடுக்க மாதம் ஒருமுறை அந்த ஊருக்கு வரும் நர்ஸ் தமிழ்ச்செல்வி, மாத்திரை வாங்க வந்த திவ்யாவின் கையில் சிவப்புக் கயிற்றைப் பார்த்ததும் நேரே செல்லியம்மன் கோயிலுக்குப் போனாள்.

"கயிறு கட்டினா வலிப்பு நின்னுடுமா? பக்கத்து ஊர்ல இப்படித்தான் கயிறக் கட்டிக்கினு மாத்திரைய வுட்டுட்டாங்க."

பூசாரி கண்ணாயிரம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார்.

"இந்த ஊர்ல எத்தினி பேரும்மா வுட்டாங்க?"

அவள் நோட்டைப் புரட்டினாள். மாத்திரை வாங்குவது பதினோரு பேர். மூன்று வருடத்தில் ஒருவர்கூட ஒரு மாதமும் தவறவில்லை. வேறெந்த ஊரிலும் அவள் பார்க்காத அதிசயம் அது.

"ஒரு வேள மாத்திர தப்புனாலும் கயிறு பலிக்காதுன்னு சொல்லித்தான் கட்டுறேன். நீ சொன்னா மறந்துடுவாங்க. ஆத்தா சொன்னா மறக்க மாட்டாங்க."

"மாத்திரை தப்பக்கூடாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் விபூதித் தட்டைத் தூக்கினார். அடியில் அதே மாத்திரை அட்டை, பாதி தீர்ந்திருந்தது.

"செங்கல்பட்டு டாக்டரு. பன்னெண்டு வருசமா கற்பூரத் தட்டோட நான் கீழ வுழுந்ததில்ல."

தமிழ்ச்செல்வி நெற்றியைக் காட்டினாள். விபூதி பூசிய அவர் கையில் கயிறு இல்லை.