கழலாத மூட்டு

"விட்டுறாதீங்க, நல்லா இழுங்க!" என்று கத்தினாள் பிரேமினி. விஜிதரன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அவன் உள்ளங்கை சிவந்துபோனதுதான் மிச்சம்.

கிளாரினெட்டின் மேல் துண்டு அசையவே இல்லை. அதைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டால்தான் மற்ற வாத்தியங்களோடு சுருதி சேரும்.

நுவரெலியா ஹோட்டல் ஒன்றின் இசைக்குழுவுக்கு அன்று பகல் ஆள் எடுக்கிறார்கள். பத்து வருடமாகத் தோட்டத்துத் திருவிழாக்களில் வாசித்தவளை இப்போதுதான் வெளியே கூப்பிட்டிருந்தார்கள். வேலை கிடைத்தால் அங்கேயே தங்க வேண்டும். "தைரியமா போயிட்டு வா" என்று முதலில் சொன்னவன் விஜிதரன்தான்.

"மழைக்கு மரம் ஊதிருச்சு. இதுக்கு மேல இழுத்தா வெடிச்சிரும்" என்று அவள் தலையைத் தடவினான். "விடு பிரேமினி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அவளுக்கு அழுகை முட்டியது. கணவன் முகமும் வாடியிருந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

அவன் தேயிலை ஃபெக்டரிக்குப் போன பிறகும் மனசு கேட்கவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கிளாரினெட்டைத் துவாயில் சுற்றிக்கொண்டு, மேல் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் தச்சர் சின்னத்தம்பியிடம் ஓடினாள்.

"அண்ணே, இது கழலவே மாட்டேங்குது. நீங்கதான் காப்பாத்தணும்!"

எந்த இடம் என்றுகூட அவர் கேட்கவில்லை. சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மேல் மூட்டைச் சுற்றிக் கட்டினார்.

"மரம் வெடிச்சிராதா அண்ணே?"

"வெடிக்காது. பொறுங்க தங்கச்சி."

கொஞ்ச நேரம் கழித்து மெல்லத் திருகினார். துண்டு கையோடு வந்தது. பிரேமினி சின்னப் பிள்ளைபோல் கைதட்டிச் சிரித்தாள். ஓடினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

வாங்கிப் பார்த்தபோது, மூட்டின் விளிம்பில் பழுப்பாக ஏதோ விரலில் பிசுபிசுத்தது.

"இது என்னண்ணே?"

"வச்சிரம். நாற்காலிக்குப் போடுற பசை. சூடு பட்டா விட்டுரும்."

அவள் சிரிப்பு நின்றது. "இதுல யாருண்ணே பசை போட்டா?"

சின்னத்தம்பி அவளை விநோதமாகப் பார்த்தார்.

"நான்தான் தங்கச்சி. ஒட்டி வாங்கிட்டு வரச் சொல்லி, நேத்து ஒங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்கதானே குடுத்துவிட்டீங்க?"