டாப் கியர் ஏறிய மலை

பழைய பிக்கப் வண்டி ஒன்றின் டாப் கியருக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. ஒருநாள் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வண்டி மலைப்பாதையில் ஏறியது. டிரைவர் கியரை மாற்றப் பார்த்தார். டாப் கியர் இறுகப் பிடித்துக்கொண்டு, "இந்த மேட்டை நானே பார்த்துக்கிறேன்" என்றது.

பாதி மேட்டில் இன்ஜின் திணறி நின்றது. வண்டி பள்ளத்தைப் பார்த்துப் பின்னால் உருண்டது.

"ஃபர்ஸ்ட் அண்ணே, காப்பாத்துங்க!" என்று அலறிக்கொண்டே டாப் கியர் பிடியை விட்டது.

டிரைவர் பிரேக்கை மிதித்து, வண்டியைக் கிளப்பி, ஃபர்ஸ்ட் கியரைப் போட்டார்.

"கத்தாதடா, எனக்கு மூச்சு வாங்குது" என்ற ஃபர்ஸ்ட் கியர், முக்கி முனகி வண்டியை உச்சிக்கு இழுத்துவிட்டது.

சமதரை வந்ததும் மறுபடி டாப் கியரின் முறை. வண்டி பறந்தது. "எப்படி ஏறினோம் பார்த்தீங்களா?" என்றது அது. சொன்ன கையோடு அதற்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரிண்ணே, நீங்க இழுத்தீங்க. நான் கத்தினேன்."