இழை விட்ட இடம்

கிருஷ்ணன்கோவிலில் ஒளியியல் ஆய்வாளர்களும் ஆலைக்காரர்களும் கூடியிருக்கும் பன்னாட்டு மாநாட்டு அரங்கு. மேசையில் விரித்த பேண்டேஜ் துணியின்மேல் பச்சை லேசர் கோடு ஊர்ந்துபோய் ஓரிடத்தில் நிற்கிறது. "இந்த ஒரு இடத்துலதான் இழை விட்டிருக்கு சார்" என்கிறாள் அந்த லேசர் கருவியைச் செய்த ஜெபா. வெளிநாட்டார் கைதட்டுகிறார்கள். ராஜபாளையத்துப் பேண்டேஜ் ஆலை முதலாளி சங்கரலிங்கம், தன்னோடு வந்த அழகுத்தாயைப் பார்க்கிறார். துணியில் குறை கண்டுபிடிப்பதுதான் இருபது வருடமாக அவள் வேலை. அழகுத்தாய் துணியை உருவி ஜன்னல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். பஞ்சுத்தூசி மினுங்கிப் பறக்கிறது. ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி நகர்த்திய நகத்தை வேறோர் இடத்தில் நிறுத்துகிறாள். ஜெபா குனிந்து பார்க்கிறாள். அங்கேயும் ஓர் இழை இல்லை. கைதட்டல் அடங்கிவிடுகிறது. "மெஷினு நல்லாத்தான் பாக்குது மொதலாளி" என்று துணியை மடிக்கிறாள் அழகுத்தாய். "எனக்குக் கீழ வேலைக்குப் போடுங்க."