அண்ணன் வெட்டிய கேஸ்கெட்

காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, எஞ்சினின் எண்ணெய்த் தட்டான ஆயில் பேன் ஒழுகியதால் அதைக் கழற்றிய தாவீதின் முகத்தருகே எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் பழைய கேஸ்கெட் பிய்ந்து தொங்கியது. கடையில் வாங்கியதல்ல. தடித்த அட்டையைப் பேனின் விளிம்பில் வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டி ஒட்டிய துண்டுகள். துடைத்தபோது கறுப்புக்கு அடியில் பொன்னெழுத்து தெரிந்தது. தாவீதின் மகள் பெயர். அவளுடைய கல்யாணப் பத்திரிகை.

"இதுக்கு முன்னாடி யாரு சார் வேலை பாத்தது?"

"உங்க அண்ணன்தான்" என்றார் கார்க்காரர்.

அண்ணன் அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. "எனக்குப் பத்திரிகையே வைக்கல" என்று நான்கு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தாவீதின் மனைவிகூட ஒருநாள், "நெசமாவே குடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

தாவீது போல்ட் துளைகளை எண்ணினார். பதினெட்டு. ஒன்றுகூடப் பிசகவில்லை, துண்டுகளை ஒட்டிய இடத்தில்தான் ஒழுகியிருந்தது. மண்டபத்துக்கு வர ஒரு மணி நேரம் இல்லாதவர், இதற்கு அரைநாள் உட்கார்ந்திருக்கிறார்.

"அதைத் தூக்கிப் போடுங்க" என்றார் கார்க்காரர்.

"இருக்கட்டும் சார். அளவு சரியா இருக்கு. இதை வெச்சுத்தான் புதுசு வெட்டணும்."

புதுக் கேஸ்கெட் தாளின்மேல் அதை விரித்து, மகள் பெயரை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுக்கத் தொடங்கினார்.